கண்ணா என்றால் நிற்கும் குதிரை

‘கொள்ளென்றால் வாய் திறக்கும், கடிவாளமென்றால் வாய் மூடும்’ என்பது குதிரைக்குச் சொன்னதா, குதிரைக்காரர்களுக்குச் சொன்னதா என்று பாகீரதிக்குச் சந்தேகம். அரசு கால்நடை மருத்துவரான அவள் இலவசப் பூச்சிமருந்தோடு போனால், விக்டோரியா நினைவு மண்டப வாசலில் குதிரைச் சவாரி ஓட்டும் அத்தனை பேரும் முண்டியடித்துக்கொண்டு வருவார்கள். ரத்தப் பரிசோதனை என்றால் ஒரு வாலைக்கூடக் காண முடியாது.

இந்த முறை கிளாண்டர்ஸ் என்ற குதிரை நோய்க்கான சோதனை. அது மனிதருக்கும் தொற்றும். நோய் உறுதியானால் குதிரையைக் கொன்றே ஆக வேண்டும். எல்லோரும் இரவோடு இரவாகக் குதிரைகளை ஆற்றுக்கு அப்பால் ஹௌரா பக்கம் கடத்திவிட்டார்கள். இஸ்ராஃபில் மட்டும் தன் ஒரே குதிரையான மோத்தியைக் கொண்டுவந்தார். அவள் பேச்சை நம்பித்தான்.

"நான் இருக்கேன்ல பாய், மோத்திக்கு ஒண்ணும் வராது" என்று அவரிடம் இந்தியில் சொல்லியிருந்தாள். மோத்தியின் மினுமினுப்பைப் பார்த்து வந்த தைரியம். படித்த டாக்டர் சொல்லக் கூடிய பேச்சா அது?

இரண்டு முறை சோதித்தும் நோய் உண்டு என்றே வந்தது. சொன்ன பேச்சைக் கேட்டவர் தலையில்தான் இடி விழுந்தது.

ஹேஸ்டிங்ஸ் பகுதியில் மோத்தி இருந்த லாயத்துக்கு அவள் போனபோது பனி விலகியிருக்கவில்லை. தலை முதல் கால் வரை வெள்ளைப் பாதுகாப்பு உடை, முகமூடி, கண்ணாடி. மோத்தி மிரண்டு முன்னங்கால்களைத் தூக்கியது. கயிற்றைப் பிடித்திருந்த உதவியாளர் உத்தமன் திணறினார். மயக்க ஊசிகூடப் போட முடியவில்லை.

தடுப்புக்கு அப்பால் நிறுத்தப்பட்டிருந்த இஸ்ராஃபில் திட்டுவார் என்று பாகீரதி எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"தீதி, உங்க பாஷையில கூப்பிடுங்க" என்றார் அவர். "நீங்கன்னு தெரியாமத்தான் பயப்படறான். கூப்பிட்டா நிப்பான்."

ஆபீசில் வங்காளமும் இந்தியும் பேசுபவள், மிருகங்களிடம் மட்டும் தமிழில்தான் பேசுவாள். லேக் மார்க்கெட் வீட்டில் மகனைக் ‘கண்ணா’ என்று எழுப்பும் அதே தமிழ்.

"வாடா கண்ணா" என்றாள். "ஒண்ணுமில்லடா."

மோத்தியின் காதுகள் திரும்பின. பெருமூச்சு விட்டு அருகில் வந்தது. எப்போதும் வெல்லம் இருக்கும் அவள் சட்டைப் பையை மூக்கால் தேடியது. அந்த உடையில் பையே இல்லை. ஊசி ஏறும்வரை அசையாமல் நின்றது.

எல்லாம் முடிந்ததும் இஸ்ராஃபில், "பாத்தீங்களா, நின்னுட்டான்" என்றார். பிறகுதான் தரையில் உட்கார்ந்து அழுதார். அவர் தோளைத் தொடக்கூட அவளுக்கு அனுமதியில்லை; உடையெல்லாம் நோய்.

மறுநாள் காலை, பள்ளிக்கு நேரமாகியும் மகன் ஷ்யாம் தூங்கிக்கொண்டிருந்தான். பாகீரதி கட்டிலருகே வெகுநேரம் நின்றாள். கூப்பிட்டால் நம்பி எழுந்து வருவான். வாயைத் திறக்காமல் அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

அவன் திடுக்கிட்டு விழித்தான். "ஏம்மா, என் மேல கோபமா?"

"இல்லை ஷ்யாம்" என்றாள்.