மாப்பிள்ளையின் ஒன்பது புள்ளிகள்

மாப்பிள்ளை கார் கழுவிக்கொண்டிருந்தார். தன் காரை அல்ல, மாமியாருடைய பழைய காரை. ஜன்னல் வழியாகப் பார்த்த மாமியாருக்குச் சந்தேகம் தட்டியது. கல்யாணமான நாளிலிருந்து தான் குடித்த டம்ளரைக்கூடக் கழுவி வைக்காத மனுஷன்!

முந்தாநாள், கேட்காமலே முட்டிவலித் தைலம் வாங்கி வந்தார். நேற்று, உப்புப் போட மறந்த சாப்பாட்டை, "அத்தை கைப்பக்குவமே தனி" என்று இன்னொரு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். வீட்டை எழுதி வைக்கச் சொல்லப் போகிறாரோ? பத்திரம் இருந்த பீரோவின் கதவை ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டாள்.

கையைத் துடைத்தபடி உள்ளே வந்தவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"அத்தை, உங்க லைசன்ஸ்ல அபராதப் புள்ளி எதுவும் இல்லையே?"

"கடைக்கும் கண் ஆஸ்பத்திரிக்கும் உருட்டிட்டுப் போறவளுக்கு எங்கேர்ந்து புள்ளி வரும்?"

"எனக்கு ஒன்பது இருக்கு. பன்னண்டு ஆச்சுன்னா ஆறு மாசம் லைசன்ஸை முடக்கிடுவாங்க. போன வாரம் கேமராவுல மாட்டிக்கிட்டேன். வேகத்துக்கு மூணு புள்ளி." குரலைத் தணித்தார். "படத்துல வண்டியோட பின்பக்கம்தான் தெரியுது. ஓட்டினது நீங்கன்னு ஒரு கையெழுத்துப் போட்டா அந்த மூணும் உங்க பேருக்கு வந்துடும். கொஞ்ச வருஷத்துல தானா அழிஞ்சும் போயிடும்."

வீடு தப்பித்தது என்று மூச்சு விட்டாள். சந்தேகம் மட்டும் விடவில்லை.

"எந்த ரோடு?"

"பள்ளிக்கூட ரோடுதான்."

"காலைலயா?"

"ஆமா, ஸ்கூல் நேரம்."

"குழந்தை பின்னாடி இருந்தாளா, மாப்பிள்ளை?"

"லேட்டாயிடுச்சு அத்தை... பெல்ட் போட்டுத்தான் இருந்தா."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. மகள் ஈரக் கையோடு வந்து புருஷன் முன்னால் கையை நீட்டினாள்.

"சாவியைக் குடுங்க."

"இன்னும் முடக்கலையே..."

"அவங்க முடக்கறப்ப முடக்கட்டும். நீங்க குடுங்க."

மறுநாளே, ஓட்டியது தான்தான் என்று அவர் எழுதிக் கொடுத்தார். லைசன்ஸ் முடங்கியது. பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போனார்; மாமியாரிடம் வெகுநாள் முகங்கொடுத்துப் பேசவில்லை. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கையெழுத்துக் கேட்கப் போவது மகளுக்கு முன்னமே தெரியுமோ என்பதுதான் அரித்தது. ஒருநாள் கேட்டும் விட்டாள்.

"எனக்கென்னம்மா தெரியும்?" என்றாள் மகள், துணி மடிப்பதிலிருந்து நிமிராமலே.