ஓடாத கிலோமீட்டர்கள்

எதிர்வீட்டுச் சென்னியப்பன் அண்ணன் மின்சாரக் கார் வாங்கிய இரண்டாம் வாரம், எங்கள் தெரு அந்தக் காரை நோக்கிச் சாயத் தொடங்கியது. ஒரேயடியாக அல்ல, நாளுக்கு ஒரு விரற்கடை.

அண்ணன் ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருக்கிறார். வீட்டில் அவரும் அவர் மனைவி சரசக்காவும் மட்டும்தான். கார் ஏழு பேர் உட்காரக்கூடியது. போர்டிகோவுக்குள் நுழையாததால் தெருவிலேயே நின்றது. அதன் முன்பக்கம் என் தோள் உயரம் இருக்கும். வீட்டிலிருந்து மண்டி இரண்டு கிலோமீட்டர். தினமும் அதில் தனியாகப் போய்த் தனியாக வருவார்.

சாய்வுக்கு நாங்கள் பழகிக்கொண்டோம். தோசை மாவு கல்லில் ஒரு பக்கமாக ஓடியதால் எல்லா வீட்டிலும் தோசை நீளமாக வந்தது. நான் வீட்டில் ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவள். நூல்கண்டு கைதவறி விழுந்தால் குனிந்து தேட மாட்டேன். நேராகப் போய்க் காரின் அடியிலிருந்து எடுத்து வருவேன். அங்கே பக்கத்து வீட்டுத் தக்காளி, யாருடையதோ ஒற்றைச் செருப்பு எல்லாம் கிடக்கும். தெருவைப் பார்க்க வந்த பொறியாளர், கட்டில்களின் தாழ்ந்த பக்கக் கால்களுக்கு அடியில் செங்கல் வைக்கச் சொல்லிவிட்டுப் போனார். வைத்தோம்.

என் மகள் யாழினிக்கு அப்போது பதினோரு மாதம். ஒரு வெள்ளிக்கிழமை காலை, சுவரைப் பிடித்து நின்றுகொண்டிருந்தவள் கையை விட்டாள். முதல் அடி வைத்தாள். இரண்டாவது அடியும் வைத்தாள். எனக்கு வாயெல்லாம் சிரிப்பு. மூன்றாவது அடியை அவள் வைக்கவில்லை, சாய்வு வைத்தது. அதன் பிறகு அவளால் நிற்க முடியவில்லை. வாசலைத் தாண்டி, தெருவில் இறங்கி, கைகளை விரித்தபடி ஓடினாள். நான் தையல் மிஷினை விட்டு எழுந்து ஓடுவதற்குள் காரின் முன்பக்கத்தில் மோதி, அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கார் கிளம்பத் தயாராக இருந்தது. அதற்குச் சத்தம் கிடையாது. முன்விளக்கு எரிந்ததை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

"அண்ணா! நிறுத்துங்ணா!"

கண்ணாடி கீழே இறங்கியது. "என்னம்மிணி, காலங்காத்தால?"

"பாப்பா முன்னாடி நிக்கறா!"

"எங்க? ஒண்ணையும் காணமே." அவர் கழுத்தை நீட்டிப் பார்த்தார். அங்கிருந்து பார்த்தால் தெருக்கோடி பிள்ளையார் கோயில் தெரியும். குழந்தை தெரியாது.

நான் யாழினியைத் தூக்கிக் காட்டினேன். அவர் இறங்கி வந்து, அவள் நின்றிருந்த இடத்தைப் பார்த்தார். பிறகு வெள்ளை வேட்டியோடு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். யாழினி அவர் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்துக்கொண்டாள்.

"நான் இன்னைக்கு மண்டிக்குப் போகலீங்க அம்மிணி" என்றார்.

அன்று பிற்பகல் கார் கம்பெனியிலிருந்து சுந்தரவேல் என்ற மெக்கானிக் வந்தார். பேட்டரியில் காதை வைத்துக் கேட்டார்.

"வண்டில ஒரு கோளாறும் இல்லீங்க. உள்ள மூவாயிரத்து நானூறு கிலோமீட்டர் தேங்கிக் கிடக்குது. அந்தக் கனத்துலதான் தெரு சாயுது. தினமும் சார்ஜ் போடுவீங்களா?"

"பாதி வழியில நின்னு போச்சுன்னா?" என்றார் அண்ணன்.

"மண்டிக்குப் போற வழியிலயா?"

சரசக்காதான் சொன்னாள்: "அஞ்சு சார்ஜ் கோட்டுல நாலு எரியறப்பவே இவருக்குப் பயம் வந்துருமுங்க. ஓடினது போக மிச்சமெல்லாம் அதுலயே நின்னு போச்சு."

ஓட்டித் தீர்க்கவும் வழி இல்லை. ஊருக்கு வெளியே போக வாய்க்கால் பாலத்தைக் கடக்க வேண்டும். இந்தக் கனத்தைப் பாலம் ஏற்காது. எனவே கிலோமீட்டர்களை இறக்கி, ஆளுக்குக் கொஞ்சமாக நடந்து தீர்ப்பது என்று முடிவாயிற்று.

சனிக்கிழமை காலை வரிசையில் நின்றோம். சார்ஜ் போடும் கேபிளின் முனையைக் கையில் பிடித்துக்கொண்டு, எவ்வளவு வேண்டும் என்று சொல்ல வேண்டும். சுந்தரவேல் இறக்கிவிடுவார். முதலில் பாதம் கனக்கும், பிறகு நடந்தே ஆக வேண்டும் போலிருக்கும். கல்லூரிப் பெண்கள் நான்கு பேர் ஆளுக்கு எண்பது வாங்கிக்கொண்டு வாய்க்கால் கரையோரம் போனார்கள். சர்க்கரை நோய்க்காரர்கள் சந்தோஷமாகக் கூடுதலாகக் கேட்டார்கள். அண்ணன் கடைசியாக வந்து, மிச்சமிருந்த ஆயிரத்து அறுநூறையும் தன் பேரில் இறக்கச் சொன்னார்.

"அத்தனையுமா?" என்றாள் சரசக்கா.

"எனக்குத்தான கண்ணுக்குத் தெரியாமப் போச்சு" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கொடுமுடிப் பக்கம் நடந்தார்.

குழந்தையை விட்டுவிட்டு என்னால் வெளியே போக முடியாது. பன்னிரண்டு மட்டும் வாங்கிக்கொண்டேன். என் வாசலிலிருந்து சரசக்கா வாசலுக்கும், அங்கிருந்து என் வாசலுக்கும் நடந்தேன். மூன்று நாள் ஆனது. யாழினி என் விரலைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தாள். சாய்வு குறையக் குறைய அவளுக்கு நடை கூடியது. மூன்றாம் நாள் பதினோரு மணிக்கு விரலை விட்டுவிட்டுத் தானாக நடந்தாள். வேண்டிய இடத்தில் நின்றாள். சரசக்கா அழுதாள், நானும் அழுதேன்.

தெரு இப்போது மட்டமாக இருக்கிறது. அண்ணன் நாற்பது நாள் கழித்து இளைத்துத் திரும்பினார். மண்டிக்கு சைக்கிளில் போகிறார். கேட்டால், உட்கார்ந்தபடியே எல்லோரையும் பார்க்க முடிகிறது என்கிறார்.

மற்றவர்கள் தங்கள் கிலோமீட்டர்களை வெளியே விட்டுவிட்டு வந்தார்கள். நான் நடந்தது இங்கேயே தங்கிவிட்டது. எங்கள் வாசலுக்கும் சரசக்கா வாசலுக்கும் நடுவே இப்போது பன்னிரண்டு கிலோமீட்டர். யாழினியைப் பார்க்க அவள் வாரம் ஒருமுறை வருகிறாள். காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம். பாதி வழியில் ஒரு டீக்கடை வந்திருக்கிறதாம். அங்கிருந்து பார்த்தால் இரண்டு வீடுமே தெரியாது, ஆனால் பன் நன்றாக இருக்கிறது என்றாள்.