தூணுக்குப் பின்னால் ஒரு மேஜை

யார் கண்ணிலும் படாத மேஜை அது. ஹோட்டலின் காபிக் கூடத்தில், கடைசி மூலையில், ஒரு பெரிய தூணுக்குப் பின்னால். ஒரு வேலையில் இருந்துகொண்டே இன்னொரு வேலைக்குக் கண் வைக்கிறவர்களைச் சந்திக்க இதைவிடத் தோதான இடம் கிடையாது என்று, கம்பெனிகளுக்கு ஆள் தேடித் தருகிற பனிக்கரடி தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டிருந்தான். எல்லாம் சரி. அந்த மேஜைக்கு ஒரே நேரத்தில் இரண்டு பேரை வரவழைத்ததுதான் கொஞ்சம் இடித்தது. அதுவும் ஒரே கம்பெனியில், ஒரே அறையில், எதிரும் புதிருமாக உட்காருகிற இரண்டு பேரை.

பதினோரு மணிக்கு மேலாளர், பன்னிரண்டுக்கு அவருக்குக் கீழே வேலை பார்க்கும் துணை மேலாளர் அம்மா என்றுதான் ஏற்பாடு. காலையில் மேலாளர் போன் பண்ணி, "கொஞ்சம் லேட்டானா பரவாயில்லையா?" என்று கேட்டார். "கூடாது சார், அப்புறம் வேற ஆள் வர்றாங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்தது. பனிக்கரடிக்கு அப்படிப் பட்டென்று சொல்ல வாய் வராது. "உங்க சௌகரியம் போல வாங்க சார்" என்று குழைந்தான். அவருடைய சௌகரியம் சரியாகப் பன்னிரண்டு மணிக்குத் தூணைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றது.

அங்கே துணை மேலாளர் அம்மா ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்.

முதலில் சமாளித்துக்கொண்டது அந்த அம்மாதான்.

"கண் டாக்டர் என்ன சொன்னார் சார்?"

மேலாளர் ஆபீஸில் சொல்லிவிட்டு வந்த சாக்கு அது. அவரும் லேசுப்பட்டவர் இல்லை.

"பார்வை நல்லாத்தான் இருக்குன்னார். தூணுக்குப் பின்னாடி இருக்கிறதுகூடத் தெளிவாத் தெரியுது. ஆமா, குழந்தைக்குக் காய்ச்சல்னு காலையில என்கிட்டதானே லீவு வாங்கினீங்க?"

"இறங்கிடுச்சு சார்."

"எப்போ?"

"இப்பதான். உங்களைப் பார்த்ததும்."

பிறகு இரண்டு பேரும் ஒரே மாதிரி கழுத்தைத் திருப்பிப் பனிக்கரடியைப் பார்த்தார்கள்.

"காதும் காதும் வெச்ச மாதிரி முடிக்கிறேன்னு சொன்னவர் இவர்தானே?" என்றார் மேலாளர்.

"என்கிட்டயும் அதையேதான் சார் சொன்னார்."

பனிக்கரடி திருதிருவென்று விழித்தான். வாயைத் திறந்தால் வந்தது, "காபி சொல்லட்டுமா?" என்பதுதான்.

"என் பேரை உங்க கம்ப்யூட்டர்லேர்ந்து எடுத்துடுங்க" என்றார் மேலாளர். "மனசுலேர்ந்தும் எடுத்துட்டா ரொம்ப நல்லது." போகிறவர் துணை மேலாளர் பக்கம் திரும்பி, "நான் டாக்டரைத்தான்மா பார்த்தேன்" என்றார்.

"நான் குழந்தையைத்தான் சார் பார்த்தேன்."

அவர் போன பின்னாலேயே அந்த அம்மாவும் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மூன்று காபி வந்தது. மூன்றையும் பனிக்கரடியே குடித்தான்.

அவனுக்கு அந்தப் பெயர் வந்தது பழைய வேலையில். மீன் ஏற்றுமதிக் கம்பெனியின் குளிர்கிடங்குக்குப் பதினாறு வருஷம் தலைவனாக இருந்தவன். நாள் முழுக்கப் பஞ்சு திணித்த பெரிய கோட்டை மாட்டிக்கொண்டு, கையைப் பக்கவாட்டில் தொங்கவிட்டபடி ஆடி ஆடி வருவதைப் பார்த்துக் கிடங்குப் பையன்கள் வைத்த பெயர். பெயர் ஒட்டிக்கொண்டது. குளிர் மூட்டுக்குள் ஏறிக்கொண்டது. ஒரு நாள் ராஜினாமாவை நீட்டிவிட்டு, குளிர்கிடங்குகளுக்குத் தலைமைப் பதவிக்கு மட்டும் ஆள் தேடித் தருகிற தொழிலைத் தொடங்கினான்.

யோசனை பழுது என்று சொல்ல முடியாது. அந்தப் பதவிக்கு லாயக்கானவர்கள் மொத்தப் பேரையும் ஒரே லிஃப்டில் ஏற்றிவிடலாம். எல்லோரையும் அவனுக்குத் தெரியும். வேறு எவனும் போட்டிக்கு வரமாட்டான் என்று கணக்குப் போட்டான். அவ்வளவு சின்ன லிஃப்டில் ஒருத்தருக்குத் தெரியாமல் ஒருத்தர் நிற்க முடியாது என்பது அன்றைக்குத்தான் மண்டையில் ஏறியது.

ஒன்பது மாதத்தில் ஒருவரையும் ஒரு நாற்காலியிலும் உட்காரவைத்த பாடில்லை. வெட்டியாக இருந்தான் என்றும் இல்லை. பேசிப் பேசித் தாடை வலித்தது. பதிலாகக் கிடைத்ததெல்லாம் "பார்க்கலாம்", "சொல்லி அனுப்பறோம்", "வீட்ல கலந்துக்கிட்டு". கிடங்கில் அழுத்தமானியின் முள் சிவப்பில் நின்றால் சிவப்புதான். பார்க்கலாம் என்று சொல்கிற முள்ளை அவன் கண்டதில்லை.

இப்போது கையில் இருந்தது ஒரே ஒரு ஆர்டர். மருந்துகளைக் குளிரில் வைத்துப் பாதுகாக்கிற கம்பெனி. அந்த முதலாளிக்கு, மேலாளர் விலகிக்கொண்டதைப் பட்டும் படாமலும் போனில் சொன்னான்.

"அப்ப அந்த அம்மாவையே அனுப்புங்க. சரின்னு சொன்னாங்கன்னா நாளைக்கே போட்டுடலாம்" என்றார் முதலாளி.

வைத்த கையோடு மச்சினனின் போன். பழைய கம்பெனியில் இப்போது அவன்தான் பெரிய தலை.

"மாமா, உங்க சீட்டு காலியாகுது. சாயங்காலம் வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன். அப்புறம் என் கையில இல்ல. கோட்டைத் தூக்கிப் போட்டுடலையே?"

"பரண் மேல இருக்கு மாப்பிள்ளை."

"அப்புறம் என்ன? தட்டிப் போட்டுக்கிட்டு வாங்க."

ஆக, அந்த அம்மா சரி என்றால் தொழில் பிழைக்கும். இல்லையென்றால் கோட்டுதான். வீட்டுக்கு வந்ததும் பனிக்கரடி முதல் வேலையாக ஸ்டூல் போட்டு ஏறி அதை எடுத்துப் பார்த்தான். தும்மல் வந்தது. மீன் வாடை அப்படியே இருந்தது. சாப்பாட்டு மேஜையில் அவன் ஆபீஸ் என்று சொல்லிக்கொள்ளும் பாதிக்குப் பக்கத்தில், நாற்காலி முதுகில் அதைத் தொங்கவிட்டான். யாரோ வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

மனைவி வேலை முடிந்து வந்தாள். பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜை அவளுக்கு. வருகிறவர்களிடமெல்லாம் காலையிலிருந்து சாயங்காலம் வரை "வலிக்காதுங்க, வலிக்கவே வலிக்காது" என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டி வருவாள். கோட்டைப் பார்த்தாள்.

"உன் தம்பி கூப்பிடறான். போயிடட்டுமா?"

"உங்க இஷ்டம்."

ஒன்பது மாதத்துக்கு முன் வேலையை விடட்டுமா என்று கேட்டபோதும் இதே இரண்டு வார்த்தைதான்.

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. துணை மேலாளர் அம்மா.

"சார், மேலாளர் மூணு வாட்டி போன் பண்ணிக் குழந்தை எப்படி இருக்குன்னு விசாரிச்சுட்டார். இவ்வளவு அன்பா அவர் என்கிட்ட பேசினதே இல்ல. பயமா இருக்கு."

"தப்பு என்னுதுதான் மேடம். அவரை லேட்டா வாங்கன்னு நான்தான்..."

"அது போகட்டும். ஒண்ணு கேக்கணும். நீங்க சொல்ற இடத்துல முன்னாடி இருந்தவர் ஏன் போனார்?"

"சொந்தக் காரணம்னு..." என்று ஆரம்பித்தான். வழக்கமாகச் சொல்கிற வழவழா கொழகொழா. பக்கத்து நாற்காலியில் கோட்டு உட்கார்ந்திருந்தது. அதன் முன்னால் அந்த வார்த்தை வாயிலேயே நின்றுவிட்டது.

"இல்ல மேடம். சொந்தக் காரணமெல்லாம் ஒண்ணும் இல்ல. அங்க பெரிய கம்ப்ரெஸ்ஸர் இருமுது. நான் போன அன்னிக்கே காதுல விழுந்தது. வர்ற வெயில் காலத்தைத் தாண்டாது. மாத்துங்க மாத்துங்கன்னு அவர் கேட்டுக்கிட்டே இருந்திருக்கார். முதலாளி பார்க்கலாம் பார்க்கலாம்னே இருந்திருக்கார். ராத்திரியெல்லாம் அது பக்கத்துலயே பாயைப் போட்டுப் படுத்துக் கிடந்து, அலுத்துப் போயிட்டார் மனுஷன்."

"இதை ஏன் சார் மத்தியானம் சொல்லலை?"

"நீங்க ரெண்டு பேரும் என்னை எங்க பேச விட்டீங்க?" என்றான். பிறகு, "அதுவும் சும்மா. விட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். என் கையில இருக்கிறது இந்த ஒரே ஆர்டர்தான்."

அந்தப் பக்கம் குழந்தை எதற்கோ அடம் பிடிக்கிற சத்தம் கேட்டது. காய்ச்சல் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

"வர்றீங்களா மேடம்? எதுவா இருந்தாலும் சரி. வர்றேன்னா வர்றேன், இல்லேன்னா இல்ல."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். நெஞ்சைத் திறந்து கொட்டியாயிற்று. இதற்கு மேல் ஒரு மனிதன் என்ன செய்வான்?

"யோசிச்சுச் சொல்றேன் சார்" என்றார் அந்த அம்மா.

பனிக்கரடிக்குச் சிரிப்பு வந்தது. பாதியிலேயே தேய்ந்து போனது. சிரிக்கவும் தெம்பு வேண்டுமே. போனை மேஜையில் வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே தலையையும் வைத்துக்கொண்டான்.

போன் மறுபடியும் அடித்தது. மச்சினன். ஜன்னலுக்கு வெளியே தெருவிளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன.

"உன் தம்பிதான்" என்றான், தலையைத் தூக்காமல். "போகட்டுமா?"

பழக்கமான இரண்டு வார்த்தைக்காகக் காத்திருந்தான். வரவில்லை. நிமிர்ந்து பார்த்தான். மனைவி மடித்த துணியை ஓரமாக வைத்துவிட்டு, நாற்காலியிலிருந்து கோட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். அதன் கனத்துக்கு அவள் தோள் ஒரு பக்கம் சாய்ந்தது. போன் அடித்துக்கொண்டே இருந்தது.

"போகாதீங்க" என்றாள். "இந்தத் தொழிலும் வலிக்கும். நல்லாவே வலிக்கும். ஆனா போகாதீங்க."