வெல்டாவின் வெள்ளை சாக்ஸ்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நூலகத்தில் ஏசி ஓடுகிறது, அதனால்தான் இந்தக் கதை உண்டானது. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, தீயில் பாதிக்கப்பட்டவர்களுக்கு எழுத்துப் பயிற்சி என்று வாசலில் காகிதம் ஒட்டியிருந்தார்கள். என் வீடு எரியவில்லை. வெளியே நூற்றுப் பத்து டிகிரி வெயில். சும்மா உட்கார்ந்தால் எழுப்பிவிடுவார்கள், பென்சிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் எழுப்பமாட்டார்கள்.

எட்டாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. முப்பத்தொரு வருடமாக வீடுகளின் டக்ட் சுத்தம் செய்கிறேன். டக்ட் என்றால் ஏசிக் காற்றும் ஹீட்டர் காற்றும் வீடு முழுக்கப் போகிற தகரக் குழாய். தரைக்கு அடியிலும் பரணிலும் ஓடும். யாரும் அதைப் பார்ப்பதில்லை. என் தொழிலே அந்தப் பார்க்காததில்தான் நடக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

பயிற்சி நடத்துகிறவர் மிஸ் பெட்ரோசியன். முதல் நாளே என்னிடம் வந்தார்.

"எழுத்துல ஒரு விஷயம் இருக்கு பெரியவரே. படிக்கிறவங்கள நம்பணும்."

"நான் பேங்க்கையே நம்பறதில்லம்மா."

"அப்ப அதையே எழுதுங்க."

எழுதிவிட்டேன். மேலே இருக்கிறது.

2

ஆரம்பம், முதல் முயற்சி:

மலை முகட்டில் தீ இறங்கியபோது வானம் ஒரு பெரிய

(நிறுத்திவிட்டேன். வானத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? எனக்குத் தெரிந்தது தகரம்.)

இரண்டாவது முயற்சி:

வெல்டா ஒரு விதவை. தன் ஒரே தம்பியோடு அன்பாக

(பொய். வெல்டாவின் புருஷன் உயிரோடுதான் இருக்கிறான். நெவாடாவில், ஒரு சூதாட்ட விடுதியில் சீட்டுப் போடுகிறவளோடு. விதவை என்று எழுதினால் நீங்கள் கொஞ்சம் இரக்கப்படுவீர்கள் என்று பார்த்தேன். அவளுக்கு அது தேவையில்லை. 'அன்பாக' என்பதும் பொய். அவளும் தம்பி ஆர்விலும் வேலிக்கு இரண்டு பக்கமும் நின்று கத்திக்கொள்வார்கள். சாயங்காலம் ஒரே மேசையில் பீன்ஸும் சோள ரொட்டியும் சாப்பிடுவார்கள். அதற்கு என்ன வார்த்தை என்று எனக்குத் தெரியாது.)

மூன்றாவது முயற்சி:

நாளை வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நான் வெல்டா வீட்டுக்கு அவள் தம்பியைக் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். என்னிடம் அவன் இல்லை.

இது உண்மை. இதிலிருந்து போகிறேன்.

3

போன செப்டம்பரில் தீ வந்தபோது வெல்டா ஓடிவிட்டாள். பக்கத்து வீட்டு ஆர்வில் ஓடவில்லை. எச்சரிக்கை மணியை அவன் நம்பவில்லை. அதற்கு முந்தின மாதம் மூன்று தடவை சும்மா அடித்தார்கள். நானாக இருந்தாலும் நம்பியிருக்கமாட்டேன். *

(* ஆர்வில் என் ஏணியை வாங்கிக்கொண்டு போய் நான்கு வருடம் திருப்பித் தரவில்லை. ஏணியும் எரிந்துவிட்டது. செத்தவனைப் பற்றி நல்லதாக ஏதாவது எழுதச் சொன்னார் மிஸ் பெட்ரோசியன். நல்ல ஏணி அது.)

ஆர்வில் வீடு தரைமட்டம். நாற்பது அடி தள்ளி, தகரக் கூரை போட்ட வெல்டா வீடு அப்படியே நின்றது. தேடுகிறவர்கள் நாய்களோடு வந்து இரண்டு நாள் சலித்தார்கள். உருகி ஓடிய அலுமினியம் கிடைத்தது. ஆர்வில் என்று சொல்லிக் கொடுக்கிற மாதிரி எதுவும் கிடைக்கவில்லை.

இனிமேல்தான் விஷயம். புகை நாட்களில் எங்கள் மலையில் எல்லாரும் ஏசியின் காற்றாடியை நிறுத்தாமல் ஓடவிடுவோம், ஃபில்டர் புகையைப் பிடிக்கும் என்று. வெல்டாவும் ஓடவிட்டிருந்தாள். ஓடுகிற அவசரத்தில் நிறுத்தவில்லை. கரண்ட் போனது. கரண்ட் போனால் தானாகக் கிளம்புகிற கேஸ் ஜெனரேட்டர் எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு உண்டு. அது கிளம்பியது. தொட்டியில் கேஸ் தீரும்வரை பத்தொன்பது மணிநேரம், ஆள் இல்லாத அந்த வீடு மூச்சை இழுத்துக்கொண்டே இருந்தது. காற்று ஆர்வில் வீட்டுப் பக்கமிருந்து வீசியது.

திரும்பி வந்த வெல்டா இந்தக் கணக்கைத் தானே போட்டுக்கொண்டாள். அன்றைக்கே காற்றாடியின் சுவிட்சை அணைத்தாள். குளிர்காலம் முழுக்க ஹீட்டர் போடாமல் கோட்டு மாட்டிக்கொண்டு தூங்கினாள். ஏப்ரலில் ஃபில்டர் மாற்றப் போனேன். வாசலிலேயே மறித்தாள்.

"குழாயத் தொடாத ஹாய்ட். ஆர்வில் உள்ள இருக்கான்."

"உள்ள இருக்கறது கரி, வெல்டா. உன் நெஞ்ச அரிச்சுரும்."

"உயிரோட இருந்தப்பவும் அதத்தான் பண்ணான். போ."

சிரித்துவிட்டுத் திரும்பினேன். ஆக, எனக்குத் தெரியாது என்று நான் சொல்லமுடியாது. இதைக் கோடு போட்டுப் படித்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரியும்.

4

தொழிலைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன்.

டக்டை ஒழுங்காகச் சுத்தம் செய்ய ஒரு நாள் முழுக்க ஆகும். அறைக்குள் காற்று வருகிற தட்டி எல்லாவற்றையும் பிளாஸ்டிக் ஒட்டி மூடவேண்டும். மூலக் குழாயில் ஓட்டை போட்டு உறிஞ்சும் மெஷினை மாட்டவேண்டும். கிளைக்குக் கிளை நீளப் பிரஷ்ஷை விட்டுத் தேய்த்துத் தள்ளவேண்டும். நாங்கள் செய்வது என்ன? கண்ணுக்குத் தெரிகிற முதல் மூன்று அடியைத் துடைப்போம். போட்டோ எடுத்துக் காட்டுவோம். உள்ளே இருப்பது உள்ளேயே இருக்கும். எல்லாரும் அப்படி என்று சொல்லவில்லை. நான் அப்படி.

வெல்டா போட்டோவை நம்பமாட்டாள். இருபத்திரண்டு வருடமாக, நான் வேலை முடித்ததும் கையில் ஒரு வெள்ளை சாக்ஸை மாட்டிக்கொண்டு வருவாள். முழங்கை வரை குழாய்க்குள் விட்டு எடுத்து என் மூக்குக்கு நேராக நீட்டுவாள். கறுப்பு. ஒவ்வொரு தடவையும் கறுப்பு. "தூ" என்பாள். பிறகு எலுமிச்சைத் தண்ணீர் கொடுப்பாள்.

5

ஜூன் கடைசியில் வெயிலில் வீட்டுக்குள்ளேயே மயங்கி விழுந்தாள். மூடிய வீடு, ஏசி போடவில்லை. மகள் ரோண்டா ஆஸ்பத்திரியிலிருந்து எனக்குப் போன் செய்தாள்.

"பெரியவரே, அம்மா வர்றதுக்குள்ள அந்தக் குழாயச் சுத்தம் பண்ணிடுங்க. நெஞ்சு ஏற்கெனவே பாதி போச்சாம். இன்னொரு தடவ இப்படி விழுந்தா எழுந்திருக்காதுங்கறாங்க."

"கேப்பாளேம்மா."

"கேக்கட்டும். உயிரோட இருந்து கேக்கட்டும்."

போனேன். அன்று ஏன் அப்படி வேலை செய்தேன் என்று இந்த இடத்தில் ஒரு காரணம் எழுதவேண்டும். மூன்று காரணம் எழுதி மூன்றையும் அழித்துவிட்டேன். அந்த சாக்ஸ்தான் கண் முன்னால் நின்றது, அவ்வளவுதான். ஒன்பது கிளை. ஒவ்வொன்றையும் மூன்று தடவை தேய்த்தேன். தண்ணீர் தொட்டி பின்னால் ஒரு வளைவு இருக்கிறது, பிரஷ் திரும்பாது. கையை விட்டுத் துணியால் துடைத்தேன். ஏசிக்குள் காற்றைக் குளிரவைக்கிற காயிலைக் கழட்டிக் கழுவினேன். வந்தது வெறும் புழுதி இல்லை. எண்ணெய்ப் பிசுக்கோடு கறுப்புச் சாம்பல், இரண்டு பை.

தீச்சாம்பலை வீட்டுக் குப்பையில் போடக்கூடாது. இரட்டைப் பையில் கட்டிக் குப்பைக் கிடங்குக்குக் கொண்டுபோகவேண்டும். கொண்டுபோனேன். பையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றேன்.

(இந்த 'கொஞ்சநேரம் நின்றேன்' உண்மையா, எழுதும்போது வந்ததா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது. நின்றிருந்தால் நல்லது. அப்படியே விடுகிறேன்.)

"சாம்பலா? நாலாம் குழி. சீக்கிரம், பின்னாடி வண்டி நிக்குது" என்றான் கிடங்குக்காரன். போட்டேன். நாலாம் குழியை அன்று சாயங்காலமே மண் தள்ளி மூடிவிட்டார்கள்.

6

போன செவ்வாய்க்கிழமை வெல்டா வீட்டுக்கு வந்தாள். எனக்கு ஆள் அனுப்பினாள். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். கையில் சாக்ஸ். ஏசி ஓடவில்லை.

"ஏசியப் போடு வெல்டா. வீடு அடுப்பு மாதிரி இருக்கு."

"வேர்க்குதா? நல்லா வேர்க்கட்டும். சிலிண்டரத் தூக்கிட்டு பின்னாடி வா."

ஒன்பது காற்றுத் தட்டியையும் திறக்கவைத்தாள். தரையில் இருப்பவை. ஒவ்வொன்றுக்கும் மண்டியிட்டு, மூச்சு வாங்கி, கையை விட்டு எடுத்தாள். நான் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நின்றேன். ஒன்பதாவது முடிந்ததும் தரையிலேயே உட்கார்ந்து சாக்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கடையில் வாங்கின மாதிரி இருந்தது.

"இருபத்திரண்டு வருஷமா வர்றே. ஒரு தடவையாவது இது வெள்ளையா வந்திருக்கா?"

"இல்ல."

"இந்தத் தடவதான் ஒழுங்கா வேலை பாக்கணும்னு தோணிச்சா, பாவி?"

நான் சிலிண்டரை அவள் பக்கத்தில் இறக்கிவைத்தேன்.

"பைய எங்க வெச்சே?"

"பத்திரமா இருக்கு."

"எங்க?"

"ஷெட்ல."

"கொண்டா."

"வெள்ளிக்கிழமை கொண்டாரேன்."

"வெள்ளிக்கிழமையே வரட்டும். அவன் வந்தப்புறம்தான் ஏசி. தம்பி உன் ஷெட்ல வெயில்ல கெடப்பான், நான் குளுகுளுன்னு ஒக்காரணுமாக்கும்."

"அவன் வரலேன்னா?"

"வரலேன்னா என்ன? இப்படியே ஒக்காந்திருக்கேன். எவ்ளோ நாளோ."

வண்டிவரை ரோண்டா கூட வந்தாள்.

"கிடங்குலதானே போட்டீங்க?"

"ஆமா."

"ஷெட்டுன்னு ஏன் சொன்னீங்க?"

"வாயில வந்துருச்சும்மா."

அவள் அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை. குரலைத் தணித்து, "அப்ப எதையாவது கொண்டாங்க பெரியவரே. ஏதோ ஒரு சாம்பல். அம்மா அந்த சுவிட்சப் போடணும், எனக்கு அவ்ளோதான்" என்றாள்.

7

முடிவுகள். மூன்றும் பென்சிலில் எழுதினவை.

அ. என் வீட்டு அடுப்பிலிருந்து ஓக் மரச் சாம்பலைச் சலித்து ஒரு காபி டப்பாவில் கொண்டுபோகிறேன். வெல்டா மூடியைத் திறந்து

(முடியாது. பத்து மாதமாக இந்த மலையில் எல்லாரும் சாம்பலைத்தான் சுவாசித்தோம். மரச் சாம்பல் எது, எரிந்த வீட்டுச் சாம்பல் எது என்று இங்கே கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வார்கள். வீட்டுச் சாம்பல் கறுப்பு, பிசுக்கு, எரிந்த ஃபிரிட்ஜ் வாடை. அப்படி வேண்டுமென்றால் கீழ்த்தெருவில் எரிந்து இன்னும் அள்ளாத மனைகள் இருக்கின்றன, அங்கேதான் அள்ளவேண்டும். அங்கேயும் செத்தவர்களில் இரண்டு பேர் கிடைக்கவில்லை. வேறு யாருடைய ஆளையோ அள்ளிக்கொண்டுபோய் இவளிடம் கொடுப்பதா?)

ஆ. உண்மையைச் சொல்கிறேன். "நாலாம் குழி, வெல்டா" என்கிறேன். அவள்

(இதற்குமேல் வரவில்லை. ஐந்து தடவை எழுதிப் பார்த்தேன். கத்தவைத்தேன், அறையவைத்தேன், மன்னிக்கக்கூட வைத்தேன். எதுவும் வெல்டா இல்லை. உண்மையான வெல்டா ஒன்றும் சொல்லமாட்டாள். ஏசி போடாமல் அப்படியே உட்கார்ந்திருப்பாள். அடுத்த வாரமும் நூற்றுப் பன்னிரண்டு என்கிறார்கள்.)

இ. தண்ணீர் தொட்டி பின்னால் இருக்கிற அந்த வளைவில் எனக்குத் திடீரென்று சந்தேகம் வருகிறது. போய்த் திறந்து பார்க்கிறேன். மடிப்பில், ஒரு விரல்நுனி அளவு கறுப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஸ்க்ரூடிரைவரால் சுரண்டி எடுத்து வெல்டாவின் உள்ளங்கையில் வைக்கிறேன். அவள் கையை மூடிக்கொள்கிறாள். எழுந்துபோய்ச் சுவரில் இருக்கிற சுவிட்சைப் போடுகிறாள். வீடு மூச்சு விடுகிறது.

இதை மட்டும் இரண்டு பக்கத்துக்கு எழுதினேன். மிஸ் பெட்ரோசியன் படித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இதுதான் பெரியவரே முடிவு. இதுக்கு மேல ஒரு வார்த்தை வேண்டாம்."

"அந்த வளைவ நான் மூணு தடவ துடைச்சேம்மா."

"கதைதானே. கொஞ்சம் மிச்சம் இருந்ததுன்னு வெச்சுக்கலாமே?"

"கதையில இருக்கும். அவ வீட்டுல இல்லையே."

அவர் என் தோளைத் தட்டிவிட்டு அடுத்த நாற்காலிக்குப் போனார். முப்பத்தொரு வருடத்தில் நான் விட்டுவைத்த அழுக்கை எல்லாம் சேர்த்தால் ஒரு லாரி நிறையும். அதில் ஒரு விரல்நுனியை இந்த ஒரு வீட்டில் விட்டுவைக்கவில்லை.

8

நூலகத்தில் பன்னிரண்டு மணிக்குக் கிளம்பச் சொல்லிவிடுவார்கள். பத்து நிமிடம் இருக்கிறது.

வண்டியின் முன்சீட்டில் கழுவித் துடைத்த காபி டப்பா ஒன்று இருக்கிறது. இப்போதைக்குக் காலி. இங்கிருந்து வலதுபக்கம் திரும்பினால் கீழ்த்தெரு. இடதுபக்கம் திரும்பினால் என் வீடு. என்ன செய்யலாம் என்று நீங்கள் சொல்லுங்கள். சொன்னாலும் நான் நம்பமாட்டேன். நீங்கள் அந்த வீட்டுக்குள் உட்கார்ந்து வேர்க்கவில்லை. ஆனாலும் சொல்லுங்கள்.

நாளை ஒன்பது மணிக்கு வெல்டாதான் கதவைத் திறப்பாள், ரோண்டாவை விடமாட்டாள். என் முகத்தைப் பார்க்கமாட்டாள். டப்பாவைப் பார்ப்பாள். சாக்ஸை ஏற்கெனவே மாட்டியிருப்பாள், அவளைத் தெரியும் எனக்கு. மூடியை அவளே திறப்பாள். கையை மணிக்கட்டு வரை உள்ளே விடுவாள். பிறகு வெளிச்சத்துக்கு நேராக எடுத்து நீட்டுவாள். அந்த சாக்ஸ்