வீட்டுக்குத் தெரியாதவள்

செத்துப்போன அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்து மகன் மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருந்தான். மூன்றாவது ஆட்டலில் கூடத்து விளக்கு எரிந்தது.

"என்னடா பண்றே?" தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா கேட்டாள்.

"லைட்டும்மா. இருட்டப்போகுது, ஆளுங்க வர்ற நேரம். இந்தக் கைப்பட்டையை அப்பா கைக்கு மட்டும்தான் பழக்கியிருக்கேன்."

"போன பிறகும் அவர்கிட்ட வேலை வாங்கறீங்களே தம்பி," என்றார் பக்கத்துவீட்டுத் தையல்காரர்.

அந்தக் கறுப்புப் பட்டையை மகன் மாட்டிவிட்ட நாளிலிருந்து வீட்டுக்கு அப்பாதான் ராஜா. நாற்காலியில் சாய்ந்தபடி கையை அசைப்பார். திரை விலகும், மின்விசிறி சுழலும். சுவிட்சுகளையெல்லாம் பெயர்த்துச் சுவரைப் பூசியாயிற்று. குளியலறையிலிருந்து அவள், "என்னங்க, லைட்டு," என்று கூப்பிட வேண்டும். முதல் தடவை அவர் காதில் விழாது. அவர் வெளியே போனால் எல்லாம் தானாக அணைந்துவிடும். கரண்டு மிச்சம் என்றான் மகன். உள்ளே அவள் இருப்பது வீட்டுக்குத் தெரியாது. சமையலறையை மட்டும் விட்டுவைத்தான்; அங்கே பெருமையாகக் காட்ட ஒன்றும் இல்லையாம்.

இன்று காலை பட்டை பேசியது: "அருமையான உறக்கம். வாழ்த்துகள்." அவள் தொட்டுப் பார்த்தபோது கை சில்லிட்டிருந்தது.

மகன் பட்டையைக் கழற்றினான்.

"நாளைக்கு இதை உன் கைக்குப் பழக்கிடறேம்மா. நீ எங்கே இருக்கே, என்ன பண்றேன்னு எனக்கு போன்லயே தெரிஞ்சிடும்."

"அப்பா போனது தெரிஞ்சுதா?"

அவன் போன் அடித்தது. பட்டையை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்துபோனான்.

அவள் அதை எடுத்து அவர் கையில் திரும்ப மாட்டினாள். புதுச் சட்டையின் கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டுப் பொத்தானைப் போட்டாள். நிமிர்ந்தபோது தையல்காரர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கை நீளம் சரியா இருக்கும்மா," என்றார்.

இருட்டிய பிறகு அப்பாவின் உடலை ஏற்றிக்கொண்டு வண்டி கிளம்பியது. பின்னால் காரில் போவதற்காக மகன் வாசலில் ஷூவைத் தேடிக்கொண்டிருந்தான். வண்டி தெருமுனையில் திரும்பியதும் வீடு மொத்தமும் அணைந்தது. மின்விசிறி மட்டும் கொஞ்சம் சுற்றிவிட்டு நின்றது.

"அம்மா, பட்டை எங்கேம்மா?"

அவள் சமையலறைக்கு நடந்துபோய்ச் சுவிட்சைப் போட்டாள். அங்கிருந்து விழுந்த வெளிச்சத்தில் அவன் ஒற்றை ஷூவோடு நின்றிருந்தான்.