பெஞ்சில் இருந்த நுரையீரல்கள்

எங்கள் மருத்துவமனையில் இதய அறுவை சிகிச்சை நடக்கும்போது நோயாளியின் நுரையீரல்கள் வராந்தா பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்த நேரத்தில் அவற்றின் வேலையை இயந்திரம் பார்த்துக்கொள்கிறது. இதயம் மறுபடி துடிக்கத் தொடங்கியதும் திரும்பி வந்துவிடும். பத்தொன்பது வருடமாக நான் அங்கே மயக்க மருந்து டாக்டர்.

சிக்கல் புரோட்டமினில்தான். இயந்திரத்தில் ஓடுவதற்காக உறையாமல் வைத்த ரத்தம் மறுபடி உறையக் கடைசியில் கொடுக்கிற மருந்து அது. சில நுரையீரல்களுக்கு ஒத்துக்கொள்ளாது. எழுந்து போய்விடும்.

வியாழக்கிழமை எஸ்தருடையவை போயின. தூத்துக்குடியில் கணக்கு டீச்சர். வால்வு மாற்றிக்கொள்ள வந்தவர். மருந்து பாதி ஏறியிருந்தது. ரத்த அழுத்தம் சரிந்தது. இதயத்தின் வலப்பக்கம் வீங்கியது. மருந்தை நிறுத்தினேன். சர்ஜன் தெய்வநாயகி இயந்திரத்தை மறுபடி ஓட்டச் சொன்னார்.

“போய்க் கூட்டிட்டு வாங்க,” என்றார் என்னிடம். “ரொம்ப நேரம் தாங்காது.”

பெஞ்சில் எஸ்தரின் கணவர் ஞானதுரை இருந்தார். பக்கத்தில் அவை இரண்டும், சுருங்கிப்போய். நானும் உட்கார்ந்தேன். காலையிலிருந்து அப்போதுதான் உட்கார்கிறேன்.

“மருந்துல மீன் வாடை அடிக்குதாம்,” என்றார் ஞானதுரை, நுரையீரல்களைக் காட்டி.

“மீன்லருந்துதான் எடுக்கிறாங்க.”

“அவளுக்கு மீன் ஆகாது டாக்டர். தின்னா மேலெல்லாம் தடிச்சிரும். யாரும் கேக்கலையே.”

கேட்டிருக்க வேண்டியவன் நான். முந்தின நாள் ஏழு பேரைப் பார்த்தேன், எஸ்தர் ஆறாவது. அதைச் சொன்னேன். அவர் தலையாட்டினார். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இனி அந்த மருந்து தரமாட்டோம், ரத்தம் தானாக உறையும்வரை காத்திருப்போம் என்று நுரையீரல்களிடம் சொன்னேன். அவை நகரவில்லை.

“உங்கள நம்ப மாட்டேங்குது,” என்றார் ஞானதுரை. கொஞ்சம் யோசித்தார். பிறகு சட்டையின் மேல் பொத்தான்களைக் கழற்றினார். “என்னோடதும் கூடப் போகட்டும். இருபத்தாறு வருசப் பழக்கம்.”

நான்கும் வரிசையாக உள்ளே போயின. தெய்வநாயகி நகர்த்தி இடம் பண்ணிக்கொடுத்தார். இயந்திரம் நின்றது. எஸ்தரின் மார்பு எழுந்து தாழ்ந்தது. ரத்தக்கசிவு நிற்க மூன்று மணி நேரம் ஆனது. அதுவரை பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு நின்றோம்.

வெளியே வந்து, பிழைத்துவிட்டார் என்று சொன்னேன். ஞானதுரை கண்ணைத் துடைத்துக்கொண்டார். பேச அவரிடம் காற்று இல்லை. என் பேனாவை வாங்கி உள்ளங்கையில் எழுதிக் காட்டினார்: பார்வையாளர் நேரத்தில் வந்து மூச்சு விட்டுக்கொள்ளலாமா?

தினமும் நாலிலிருந்து ஐந்து வரை என்றேன்.