மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில்

"மெக்கானிக் எங்கம்மா?" என்று கேட்டார் குடியிருப்புச் செயலாளர். கருவிப் பை அவள் தோளில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. சட்டையில் லிஃப்ட் கம்பெனியின் பெயர் தைத்திருந்தது.

"நான்தான் சார்."

அவர் அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை. "மூணுக்கும் நாலுக்கும் நடுவுல ரெண்டு பேர் மாட்டியிருக்காங்க. இது விளையாட்டு இல்ல" என்றவர், கம்பெனிக்கு போன் போட்டு வேறு ஆள் இருக்கிறாரா என்று விசாரித்தார். அவள் இந்த வேலைக்கு வந்து பதினொரு வருடம். பதினொரு வருடமாக இதே எட்டிப் பார்த்தல். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஆறு நிமிடம் கழித்து, "சரி, போய்ப் பாருங்க" என்று கையை ஆட்டினார்.

எட்டு மாடி ஏறி மெஷின் அறைக்குப் போனாள். மெயினை அணைத்ததும், கம்பிக் கயிறுகள் இறங்கும் ஓட்டைகள் வழியே ஓர் ஆணின் குரல் வந்தது.

"கண்ணைத் தொற. தொறன்னு சொல்றேன்ல."

பளார் என்று ஓர் அறை. ஒரு பெண்ணின் முனகல்.

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பிரேக்கை விடுவித்து, சக்கரத்தைக் கையால் சுற்றி, லிஃப்டை அங்குலம் அங்குலமாக மூன்றாம் மாடிக்கு இறக்கினாள். பிறகு படிகளில் ஓடினாள். கீழே செயலாளரிடம் காட்ட முடியாத ஆத்திரமும் சேர்ந்து ஓடியது.

முக்கோணச் சாவியைப் போட்டுக் கதவை இழுத்தாள். தலை நரைத்த அம்மாள் ஒருத்தி மூலையில் சரிந்து கிடந்தாள். அவள் தாடையைப் பிடித்தபடி ஒரு தடியன். தாடி, சிவந்த கண், கழுத்து வரை பச்சை குத்தல். அவ்வளவு போதுமாக இருந்தது. காலரைப் பிடித்து இழுத்தாள். அவன் தடுமாறி, நெற்றி கதவுச் சட்டத்தில் மோதியது.

"அந்தம்மாவுக்கு சுகர் எறங்கிருச்சு" என்றான் அவன். ரத்தம் புருவத்துக்கு வந்துவிட்டது. "மயங்குறதுக்கு முன்னாடி அவங்களே சொன்னாங்க, தூங்க விடாதப்பான்னு. முதல்ல இனிப்பா எதாவது குடுங்க. அப்புறம் என்னை அடிங்க."

எதிர்வீட்டிலிருந்து பழச்சாறு வந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்த அம்மாள், கண்ணைத் திறந்ததும் கேட்டாள்: "அந்தத் தம்பி எங்க?"

லிஃப்டுக்குள் இருந்த வாளியும் சின்ன வலையும் அப்போதுதான் மெக்கானிக்கின் கண்ணில் பட்டன. வீடுகளில் மீன்தொட்டி கழுவுகிறவன்.

செயலாளர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். "சரியான வேலை பண்ணீங்கம்மா. இவனையெல்லாம் பாத்தாலே தெரியுதே. போலீசைக் கூப்பிடவா?"

இப்படிப்பட்ட ஒருவர் அவளைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. வாய் கசந்தது.

"கூப்பிடுங்க. அவர் ஒண்ணும் பண்ணல, நான்தான் அடிச்சேன்னு சொல்றேன். நீங்க வேற ஆள் தேடின ஆறு நிமிஷமும் அந்தம்மா உள்ள கெடந்தாங்க. அதையும் சேத்துச் சொல்றேன்."

அவர் முகம் கறுத்துப் படியிறங்கினார்.

மீன்தொட்டிக்காரன் நெற்றியைக் கைக்குட்டையால் அழுத்திக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தான்.

"மன்னிச்சிருங்கண்ணே. சத்தம் கேட்டு நான் தப்பா..."

"சத்தம் கேட்டு ஓடி வந்தீங்க, அது நியாயம். கதவு தொறந்ததும் என் மூஞ்சியப் பாத்தீங்கல்ல, அப்பதானே முடிவு பண்ணீங்க."

எனக்கும் தினம் இதுதான் நடக்கிறது என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் மன்னிப்பு கேட்டதாகாது, சலுகை கேட்டதாகிவிடும்.

"எல்லாரும் பாக்குறதுதான்" என்று அவன் எழுந்தான். "நீங்க கைய வேற வச்சீங்க."

"இருங்க, மெயினைப் போட்டுட்டு வந்து நானே கீழ கொண்டுபோய் விடுறேன்."

"வேணாம்." வாளியை எடுத்துக்கொண்டு படியிறங்கினான். ஒவ்வொரு திருப்பத்திலும் அது சுவரில் இடித்த சத்தம் கேட்டது.

அவள் பழைய துணியால் கதவுச் சட்டத்தைத் துடைத்தாள். ரத்தம் கதவு ஓடும் பள்ளத்துக்குள் இறங்கியிருந்தது. துணி அங்கே எட்டவில்லை. கீழிருந்து செயலாளரின் குரல் வந்தது. "என்னம்மா, லிஃப்ட் வருமா வராதா?" பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்க்கிறார் போலிருந்தது. மெஷின் அறையில் மெயின் அணைந்தே கிடந்தது. அவள் திருப்புளியின் முனையில் துணியைச் சுற்றிக்கொண்டு, லிஃப்ட் வாசலில் மண்டியிட்டாள்.